நூல் சேர்க்கவும் ஒரு போட்டி வேண்டும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா என்றால் போட்டிகளுக்குப் பஞ்சமில்லை. பேச்சுப் போட்டி உண்டு; கட்டுரைப் போட்டி உண்டு; கவிதைப் போட்டி உண்டு; கோலப் போட்டியும் உண்டு. பேசத் தெரிந்தவர்க்கும் பாடத் தெரிந்தவர்க்கும் புள்ளி வைத்துக் கோடிழுக்கத் தெரிந்தவர்க்கும் மேடையிலே பரிசு காத்திருக்கிறது. படிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும் அங்கே இடமில்லை. கைதட்டுவதற்கு ஆள் வேண்டுமே என்று அவனைக் கூப்பிட்டுப் பின்வரிசையில் உட்காரவைக்கிறோம்.

"ஏன், தேர்வில் முதலாவதாக வருபவனுக்குப் பதக்கம் தருகிறார்களே!" என்று நண்பர்கள் கூறலாம். தருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அது பிறர் வகுத்த பாடத்தைப் படித்தவனுக்குக் கிடைக்கும் பதக்கம். யாரும் சொல்லாமல், மதிப்பெண்ணையும் எதிர்பாராமல், தன் மனத்துக்குப் பிடித்த ஒரு பொருளைப் பற்றிய நூல்களைத் தேடித் தேடி, மாதச் செலவில் மிச்சம் பிடித்த காசில் வாங்கி, விடுதிக் கட்டிலுக்கு அடியிலே அடுக்கி வைக்கிறானே ஒரு மாணவன், அவனைப் பற்றியே நான் பேசுகிறேன். அவனுக்கென்றும் உலகில் ஒரு போட்டி உண்டு. நம்மில் பலர் அதைக் கேள்விப்பட்டதில்லை. நானும் சென்ற ஆண்டு வரை கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டபோது மகிழ்ச்சியைக் காட்டிலும் வெட்கமே மிகுதியாக வந்தது. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகருக்கு அருகே ஸ்வார்த்மோர் என்னும் சிறிய கல்லூரி ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பு ஏ. எட்வர்டு நியூட்டன் என்பவர் அங்கே ஒரு பரிசை ஏற்படுத்தினார். ஆப்பிள் விழுந்ததைப் பார்த்த நியூட்டன் அல்லர் இவர். மின்கருவித் தொழில் நடத்தி, அதில் வந்த பணத்தையெல்லாம் பழைய நூல்களில் போட்டவர். நூல் சேர்ப்பதன் இன்பத்தைப் பற்றி 1918-இல் அவர் வெளியிட்ட ஒரு நூல் அந்நாளில் பலரைப் பித்தர்களாக்கியது. எந்தப் பொருளாயினும் சரி, அதைப்பற்றி அறிவோடு தேர்ந்து நூல் சேர்த்திருக்கும் மாணவர்களுக்குப் பரிசு என்பது அவருடைய திட்டம். எத்தனை நூல் என்பதைக் காட்டிலும், தேர்ந்தெடுத்த திறமையையும் உடையவனுக்கு அந்நூல்களில் உள்ள பயிற்சியையுமே பார்க்கவேண்டும் என்று விதித்தனர். நியூட்டன் 1940-இல் மறைந்தார். அடுத்த ஆண்டே அவருடைய நூலகம் ஏலத்தில் சிதறியது. மாணவர் பரிசு மட்டும் சிதறவில்லை.

அந்த வழக்கம் மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. ஏல் பல்கலைக்கழகத்தில் 1957-இல் இத்தகைய பரிசு ஒன்று ஏற்பட்டது. சிகாகோ பல்கலைக்கழக நூலகமும் தன் மாணவர்களுக்கு ஒரு பரிசு தருகிறது. பல கல்லூரிகளில் வென்றவர்களை ஒன்றுகூட்டி நாடு தழுவிய போட்டி ஒன்றும் அமெரிக்காவில் 2005-இல் தொடங்கியது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் 2006-இல் ‘ரோஸ் பரிசு’ என்ற பெயரில் இதை ஏற்படுத்தியது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அதுவே முதலாவது.

போட்டி எப்படி நடக்கிறது? மிகவும் எளிமையான முறைதான். மாணவன் தன் நூல்களின் பட்டியலைத் தரவேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் எதிரே, அது ஏன் தன்னிடம் இருக்கிறது என்று இரண்டு மூன்று வரி எழுதவேண்டும். இந்தச் சேர்ப்பு எப்படித் தொடங்கியது, எந்தக் கேள்வி தன்னை இழுத்துச் சென்றது என்று ஒரு சிறு கட்டுரை வரையவேண்டும். சில இடங்களில், இன்னும் கைக்கு வராமல் கனவில் வந்துகொண்டிருக்கும் நூல்கள் எவை என்றும் கேட்கிறார்கள். இந்தக் கடைசிக் கேள்வியை நான் மிகவும் விரும்புகிறேன். இருப்பதைச் சொல்வதில் பெருமை மட்டுமே உண்டு. இல்லாததைப் பெயர் சொல்லிக் கேட்பதற்கு அறிவு வேண்டும்.

நூல்கள் மாணவனுக்குச் சொந்தமானவையாக இருக்கவேண்டும் என்பது மற்றொரு விதி. இந்த ஒரு விதியினாலேயே நம் விடுதி நண்பர்களில் பாதிப்பேர் போட்டியிலிருந்து நீங்கிவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். அவர்கள் அலமாரியிலுள்ள நூல்களில் மற்றப் பாதிப்பேரின் பெயர் எழுதியிருக்கிறது!

இனி, நான் முக்கியமாகக் கருதும் விதிக்கு வருகிறேன். கேம்பிரிட்ஜ் நூலகம் தன் விதிகளில், சேர்ப்பின் விலைமதிப்பு கணக்கில் கொள்ளப்படாது என்று தெளிவாகச் சொல்கிறது. சேர்ப்பில் அறிவும் புதுமையும் உண்டா, நூல்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, சேர்த்தவன் எவ்வளவு சிந்தித்தான், எவ்வளவு விடாமுயற்சி காட்டினான் என்பவற்றையே பார்க்கிறார்கள். ஆயிரம் பவுன் கொடுத்து வாங்கிய தோல் கட்டடப் பிரதியும், நடைபாதையில் வாங்கிய கிழிந்த துண்டுப் பிரசுரமும் அந்தத் தராசிலே ஒரே தட்டில் நிற்கலாம். தகுதியால் துண்டுப் பிரசுரம் வெல்லவும் கூடும்.

இந்த விதியைப் படித்தபோதுதான் எனக்கு என் பெரியம்மாவின் நினைவு வந்தது. வெட்கமும் வந்தது.

பெரியம்மா தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் வாழ்ந்தவர். எட்டாம் வகுப்புக்கு மேல் அவரைப் படிக்கவைக்கவில்லை. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைகளே அவருக்குக் கல்லூரி. ஒவ்வொரு வாரமும் கதைப் பக்கங்களை மட்டும் பதமாகப் பிரித்தெடுப்பார். கதை முடிந்ததும் கோணி ஊசியும் சணலும் கொண்டு தைப்பார். பிறகு டவுனுக்குப் போகும் யாரிடமாவது கொடுத்தனுப்பிக் காலிகோ அட்டை போட்டுப் பைண்டு செய்து வாங்குவார். முதுகிலே கதையின் பெயரையும் ஆண்டையும் தம் கையாலேயே எழுதுவார். தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் நடந்த செய்திதான் இது. உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

அப்படி அவரிடம் பதினான்கு பைண்டுகள் இருந்தன. அவற்றுள் ஒன்றில் ஒரு வாரத்துப் பகுதி அச்சில் இல்லை. நோட்டுப் புத்தகத் தாளில் கையால் எழுதி இடையிலே சேர்த்திருந்தார். அந்த வாரம் பத்திரிகை வீட்டுக்கு வரவில்லையாம். பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முழுவதையும் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாராம். படத்தைக்கூட விடவில்லை. கதாநாயகியின் முகம் சரியாக வரவில்லை. ஆனால் புடைவைக் கரை மட்டும் அப்படியே வந்திருந்தது!

ஆறாண்டுகளுக்கு முன் பெரியம்மா அந்த வீட்டைக் காலி செய்து மகன் வீட்டுக்குப் போக நேர்ந்தது. பள்ளித் தேர்வு முடிந்து சும்மா இருந்த நான் உதவிக்குப் போனேன். பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினேன். புது வீடு சிறியது. எதைக் கொண்டுபோவது, எதை விடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பாத்திரங்களைக் கட்டினேன். பைண்டுகளைப் பழைய பேப்பர் கடைக்கு எடுத்துச் சென்றேன். பதினெட்டுக் கிலோ இருந்தது. கிலோ பத்து ரூபாய் என்று 180 ரூபாய் கொடுத்தான் கடைக்காரன். திரும்பி வந்து பணத்தை நீட்டினேன். "எல்லாத்தையுமா போட்டுட்டே, தம்பி?" என்று கேட்டார் பெரியம்மா. "ஆமாம் பெரியம்மா, எல்லாம் பழசு" என்றேன். அவர் பணத்தை வாங்கவில்லை. "நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கு அப்போது அதன் பொருள் விளங்கவில்லை. அந்தப் பணத்தில் நான் சினிமா பார்த்தேன்.

நண்பர்களே, கேம்பிரிட்ஜின் விதிகளை எடுத்துப் பெரியம்மாவின் பரணுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரே பொருள்மேல் நாற்பதாண்டுக் காலப் பற்று. ஒன்றோடொன்று பொருந்திய வரிசை. விடுபட்ட வாரத்தைக் கையால் எழுதிச் சேர்க்கும் விடாமுயற்சி. எல்லாம் அவரிடம் இருந்தன. கட்டுரை எழுதச் சொன்னால் எழுதியிருப்பார். இல்லாத நூல் எது என்று கேட்டால் வாரமும் தேதியும் சேர்த்துச் சொல்லியிருப்பார். அவர் நூல் சேர்ப்பவர் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை. பி.ஏ. வகுப்பில் சேரப்போகும் எனக்குத் தெரியவில்லை என்பதுதான் பெருங்குறை.

இஃது என் வீட்டுக் கதை மட்டும் அன்று. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ‘ஹனி அண்டு வாக்ஸ்’ என்னும் பழைய நூற்கடை உள்ளது. நூல் வாங்க வரும் பெண்கள் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு சேர்த்து வந்தும், ஆண்களைப்போலத் தங்களை ‘நூல் சேர்ப்பவர்’ என்று சொல்லிக்கொள்வதில்லை என்பதை அக்கடையினர் கவனித்தனர். ஆகவே 2017-இல், முப்பது வயதுக்கு மேற்படாத பெண்களுக்கென்றே ஒரு பரிசை ஏற்படுத்தினர். ஒரு போட்டியால் ஆகும் முதற் பயன் இதுதான் என்று நான் கருதுகிறேன். அது செயலுக்கு ஒரு பெயர் கொடுக்கிறது. பெயர் கிடைத்தபின் அதை எடைக்குப் போடுமுன் கை சற்றுத் தயங்கும்.

ஏட்டுச் சுவடிகளை ஆற்று வெள்ளத்தில் விட்ட கதையை உ. வே. சாமிநாதையர் வருந்தி எழுதியிருப்பதை நாம் எல்லாரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அக்காலத்து மக்களின் அறியாமையை எண்ணிப் பெருமூச்சும் விட்டிருக்கிறோம். அவர்களாவது புண்ணியம் என்று நம்பி விட்டார்கள். நாம் கிலோ பத்து ரூபாய்க்கு விடுகிறோம். நம்முடைய அறியாமையை எண்ணிப் பெருமூச்சு விட யார் வரப்போகிறார்கள்?

இதற்கு மாறான காட்சியும் தமிழ்நாட்டில் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். நூல்களோடு நின்றுவிடாமல் வார மாத இதழ்கள், நாடக நோட்டீசுகள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள் என்று மற்றவர்கள் குப்பை என்று தள்ளியவற்றையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் அந்த வீட்டில் இருந்தன. அவற்றின் அருமையை உணர்ந்து விலைக்கு வாங்கியது எது தெரியுமா? சிகாகோ பல்கலைக்கழகம்! வாங்கியும் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டதால், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. இன்று பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பற்றித் தமிழில் ஆராய்பவர் எவரும் அதன் படியேறாமல் இருக்க முடியாது.

தன் மாணவன் சேர்க்கும் நூல்களுக்குப் பரிசு தரும் சிகாகோ பல்கலைக்கழகமே, கோட்டையூர்க்காரர் சேர்த்த நூல்களையும் மதித்தது. இவ்விரண்டும் தற்செயலாக ஒன்றுசேர்ந்தவை என்று எனக்குத் தோன்றவில்லை. மாணவனின் கட்டிலுக்கு அடியில் உள்ளதை மதிக்கக் கற்ற நூலகத்துக்குத்தான் கிராமத்து வீட்டில் உள்ளதையும் மதிக்கத் தெரியும்.

இனி, எதிர்ப்புகளைப் பார்ப்போம். இக்கருத்தை நான் நண்பர்களிடம் கூறியபோது எழுந்தவை அவை.

"இது பணக்காரர் விளையாட்டு" என்றார் ஒருவர். விலை கணக்கில் இல்லை என்ற விதியை மேலே சொன்னேன். ஆயினும் அவர் கூற்றில் ஓர் உண்மை இருக்கிறது. மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பும் மாணவன் பத்து ரூபாயையும் எண்ணித்தான் செலவிடுவான். அவனுக்கு நான் சொல்வது, காசில்லாமலும் சேர்க்கக்கூடியவை உண்டு என்பதே. சங்கங்களின் விழா மலர்கள், நாடக அழைப்பிதழ்கள், தேர்தல் துண்டறிக்கைகள், கோயில் வெளியீடுகள், இவற்றை யாரும் விற்பதில்லை; கேட்டால் கொடுக்கிறார்கள். ஐம்பதாண்டு கழித்து இவைதாம் கிடைக்காமற் போகும். பெரிய நூல்கள் எங்காவது ஒரு நூலகத்தில் பிழைத்திருக்கும்.

"எல்லாம் இணையத்தில் இருக்கிறதே, தாளைச் சுமப்பானேன்?" என்றார் மற்றொருவர். இவருடைய கைப்பேசிக்குள் ஆயிரம் நூல்கள் இருப்பது உண்மை. நானும் அவற்றால் பயன் பெறுகிறேன். ஆனால் அவை இணையத்துக்கு எப்படி வந்தன? மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியபோது, தட்டச்சுச் செய்ய அச்சுப் பிரதி ஒன்று யாரோ ஒருவர் கையில் இருக்கவேண்டியிருந்தது. ஈழத் தமிழர் ‘நூலகம்’ என்னும் மின்தொகுப்பை 2005-இல் தொடங்கியதற்குப் பின்னே, 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த நினைவு இருக்கிறது. அங்கே எரிந்தவற்றுள் தனியார் வீடுகளில் பிரதி இருந்தவை மீண்டும் கிடைக்கும். பிரதி இல்லாதவை கிடைக்கமாட்டா. யாரோ ஒருவர் வைத்திருந்தால்தான் படம்பிடிக்க முடியும். என் பெரியம்மா கையால் எழுதிய அந்த ஒரு வாரத்தை எந்த இணையத்திலே தேடுவேன்?

"நூலைப் பூட்டி வைப்பது சுயநலம், நூலகத்துக்குக் கொடுத்தால் பலர் படிப்பார்கள்" என்றார் மூன்றாமவர். நல்ல கேள்வி. பூட்டி வைக்கும் சீமான்கள் இருக்கிறார்கள். நான் அவர்களுக்கு வழக்கறிஞன் அல்லன். போட்டி அவர்களுடைய பூட்டைத் திறக்கும் சாவி என்பதே என் வாதம். தன்னிடம் உள்ளதைப் பட்டியலிட்டுக் காட்டு, ஏன் வைத்திருக்கிறாய் என்று பத்துப்பேர் அறியச் சொல் என்று அது கேட்கிறது. நூலுக்கு வாசகனைத் தேடித் தருவது நூலகத்தின் கடமை என்று 1931-இலேயே விதி வகுத்தவர் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன். அவர் இந்தத் தில்லிப் பல்கலைக்கழகத்திலேதான் நூலகவியல் போதித்தார். தனியார் கையிலுள்ள நூலும் நூல்தானே? அதற்கும் வாசகன் வேண்டாமா?

"பரிசு என்று வைத்தால் ஆசைக்காகச் சேர்ப்பவன் போய்க் காசுக்காகச் சேர்ப்பவன் வருவான்" என்றார் நான்காமவர். வரக்கூடும். கடைசி மாதத்தில் ஒரு கட்டு வாங்கி அடுக்கிக் காட்டுபவன் எல்லா ஊரிலும் இருப்பான். ஆனால் அந்தச் சிறு கட்டுரையில் அவன் பிடிபட்டுவிடுவான். ‘இந்த நூலை எங்கே கண்டாய்?’ என்னும் கேள்விக்குப் பொய் சொல்லுவது எளிதன்று.

தில்லியில் வாழும் தமிழ் மாணவர்க்கு இதில் தனியான ஒரு பொறுப்பு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு காலத்தில் கரோல்பாக்கிலும் பின்னர் ராமகிருஷ்ணபுரத்திலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்திருந்தன. அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தவர்கள் டிரங்குப் பெட்டியில் தமிழ் நூல்களையும் கொண்டு வந்தார்கள். வாரப் பத்திரிகை ரயிலில் வரும் நாளுக்குக் காத்திருந்து வாங்கினார்கள். அந்தத் தலைமுறை இப்போது கலைந்துகொண்டிருக்கிறது. சிலர் ஊருக்குத் திரும்புகிறார்கள், சிலர் பிள்ளைகளோடு கடல் கடக்கிறார்கள், சிலர் காலமாகிவிட்டார்கள். தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் கபாடிவாலாவைக் கூப்பிட்டு எடைக்குப் போடுகிறார்கள். கபாடிவாலாவுக்கும் தமிழ் தெரியாது. இருவருக்கும் இடையே தராசு மட்டும் இருக்கிறது.

அந்தத் தராசிலிருந்து தப்பியவை சில சமயம் தரியாகஞ்சு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வருகின்றன. பல பத்தாண்டுகளாக நடைபாதையில் நடந்த அந்தப் புத்தகச் சந்தையை 2019-இல் நீதிமன்ற ஆணைப்படி அகற்றினார்கள். பின்னர் அருகிலுள்ள மகிளா ஹாட் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். நம் சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தபின் அதற்குக் கிடைத்த வாழ்வைக் காட்டிலும் இது மேல் எனலாம். அங்கே ஆங்கில நூல்களைக் கிலோக் கணக்கில் விற்கிறார்கள். தமிழ் நூல் கிடைப்பது குதிரைக் கொம்பு. எனினும் ஒருநாள் எனக்கு, இந்தி வாயிலாகத் தமிழ் கற்பிக்கும் பழைய நூல் ஒன்று இருபது ரூபாய்க்குக் கிடைத்தது. ஓரங்களில் பென்சிலால் யாரோ இந்தி எழுத்திலே உச்சரிப்பு எழுதியிருந்தார்கள். முப்பதாம் பக்கம்வரை ஒழுங்காக எழுதியிருந்தது, பிறகு ஒன்றுமில்லை. ழகரம் அவரை முறியடித்துவிட்டது போலும்! அன்றிலிருந்து, தமிழை வெளியார்க்குக் கற்பிக்கும் நூல்களை நான் சேர்த்து வருகிறேன். இப்போது என்னிடம் பதினொன்று இருக்கின்றன. அவற்றின் மொத்த விலை ஒரு சினிமாச் சீட்டின் விலைக்குச் சற்று அதிகம்.

எதைச் சேர்ப்பது என்று திகைப்பவர்க்குச் சில யோசனைகள் சொல்கிறேன். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழில் வெளியிட்ட சிறுவர் நூல்கள் நம் பெற்றோர் வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அந்த வெளியீடு நின்றுவிட்டது. 1950-களில் மர்ரே எஸ். ராஜம் எளிய மக்களும் படிக்கவேண்டும் என்று சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்ட இலக்கியப் பதிப்புகள் உண்டு. இந்தத் தில்லியிலிருந்தே சாகித்திய அக்காதெமியும் நேஷனல் புக் டிரஸ்டும் வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்புகள் உண்டு. வங்கக் கதையும் கன்னடக் கதையும் நம் வீட்டுக்கு வந்த வழி அது. பொறியியல் மாணவர் தமிழில் வந்த ரேடியோ ரிப்பேர் நூல்களைச் சேர்க்கலாம். மருத்துவ மாணவர் பாட்டி வைத்திய நூல்களைச் சேர்த்து எவ்வளவு தவறு என்று குறிப்பெழுதலாம். பொருள் சிறியதாக இருந்தால் நல்லது. ‘தமிழ் இலக்கியம்’ என்று தொடங்குபவன் மூன்றாம் மாதம் களைத்துவிடுவான். ‘சமையல் நூல்களில் சாம்பார்’ என்று தொடங்குபவன் முடிவு காண்பான்.

இனி என் கோரிக்கை. நம் பல்கலைக்கழக நூலகம் மாணவர்க்கு ஒரு நூல் சேர்ப்புப் போட்டி நடத்தவேண்டும். இதை எடுத்துச் சொல்லும் முதல் விண்ணப்பம் நம் சங்கத்திலிருந்து போகவேண்டும். எந்தத் துறை மாணவரும் எந்த மொழி நூலோடும் கலந்துகொள்ளலாம். இருபத்தைந்து உருப்படி போதும். நூல்கள் சொந்தமானவையாக இருக்கவேண்டும். எந்த நூலகத்து முத்திரையும் அவற்றில் இருக்கலாகாது. பட்டியல் ஒன்று, கட்டுரை ஒன்று, கிடைக்காமல் ஏங்கும் ஐந்து நூல்களின் பெயர்கள், இவ்வளவே கேட்கலாம். நடுவராக ஒரு நூலகர், ஓர் ஆசிரியர், அவர்களோடு ஞாயிற்றுச் சந்தையின் பழைய கடைக்காரர் ஒருவர் இருக்கட்டும். நம்மில் பலரைக் காட்டிலும் நூலைத் தொட்டறிந்தவர் அவர். வென்ற சேர்ப்பை நூலகத்து வாயிலில் கண்ணாடிப் பெட்டியில் ஒரு மாதம் வைக்கட்டும். பரிசுப் பணம் பெரிதாக இருக்கவேண்டாம். அடுத்த ஐந்து நூல் வாங்கும் அளவு இருந்தால் போதும். தமிழ் நூல் சேர்ப்பவருக்கு மற்றொரு சிறு பரிசைச் சங்கமே தரலாம். ஆண்டு விழாவில் மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவில் பாதி அதற்குப் போதும் என்று பொருளாளர் நண்பரே ஒப்புக்கொள்வார்.

நூலகம் இசையும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இந்த விடுமுறையில் ஊருக்குப் போகிறோம். பரணில் ஏறிப் பாருங்கள். அம்மாவிடமும் பாட்டியிடமும் பெரியம்மாவிடமும் கேளுங்கள். எதையும் இறக்குமுன் அதை ஏன் வைத்திருந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் முதற்பட்டியல் அதுவாக இருக்கட்டும்.

சென்ற விடுமுறையில் நான் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். இந்தப் போட்டியைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். "அதுக்கெல்லாமா பரிசு தர்றாங்க!" என்றார். பிறகு, நான் எடைக்குப் போட்ட பதினான்கு கதைகளின் பெயர்களையும் வரிசையாகச் சொன்னார். ஆண்டோடு சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். என்னிடம் இப்போது பட்டியல் மட்டும் இருக்கிறது. கிடைக்காமல் ஏங்கும் நூல்கள் எவை என்று யாராவது கேட்டால், அதைத்தான் நீட்டுவேன்.